கொழுப்பை உறிஞ்சுவது பார்லர் வேலையா?

ஆசிரியருக்கு,

ஆபரேஷன் தியேட்டரில் 26 ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன வாரம் என் தங்கை மகள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள்: ‘காலையில் வாருங்கள், மாலையில் தட்டையான வயிறோடு வீடு திரும்புங்கள்.’ இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு விழுந்த தொப்பை அவளுக்கு உறுத்துகிறது. சரி, ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் அந்த விளம்பரம் சொல்வது லிபோசக்‌ஷன், அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை. இது ஃபேஷியல் அல்ல. உப்புநீரில் மரப்பு மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் ஏற்றுவார்கள். அப்புறம் ஒரு உலோகக் குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் குத்திக் குத்திக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். ஜாடியில் அது மஞ்சளாக, ரத்தக் கீற்றோடு ஏறுவதைப் பார்த்தவள் நான். மரப்பு மருந்து அளவு மீறினால் இதயம் தடுமாறும். குழாய் தவறினால் குடலில் ஓட்டை விழலாம். கொழுப்போ ரத்தக்கட்டியோ நுரையீரலில் போய் அடைக்கலாம். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இத்தனைக்கும் இது எடை குறைக்கும் சிகிச்சையே அல்ல. 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட நடிகை சேத்தனா ராஜ் இப்படி ஒரு சிகிச்சைக்குப் போய்த்தான் இறந்தார். வயது 21.

தங்கை மகளை, விளம்பரம் கொடுத்த இடத்துக்கே போன் செய்து கேட்கச் சொன்னேன். மயக்க மருந்து கொடுப்பவர் யார்? ஐசியூ இருக்கிறதா? செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? எதிர்முனைப் பெண் சொன்ன பதில்: “இந்த வாரம் புக் பண்ணினால் 20 சதவீதம் தள்ளுபடி மேடம்.”

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை