வெளிநாட்டு ஆய்வுப் பயிற்சி: யார் யாருக்குப் பணம் தருகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், இளநிலை மாணவர்களுக்கு வெளிநாட்டில் மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சி என்னும் விளம்பரங்கள் கைபேசிகளில் வந்து குவிகின்றன. உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பெற்றோர் சிலர் இது குறித்து என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அந்தப் பயிற்சியில் யார் யாருக்குப் பணம் தருகிறார்கள் என்பதையே நான் முதலில் விசாரிக்கச் சொல்வேன்.

போட்டியிட்டுத் தேர்வாகும் நல்ல திட்டங்களில் மாணவருக்குத்தான் உதவித்தொகை கிடைக்கும். மரபுக் குறியீட்டு ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹர் கோவிந்த் கொரானாவின் பெயரில், அவர் அப்போது பணியாற்றிய விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் நமது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2007இல் தொடங்கிய திட்டம் அப்படிப்பட்டது. கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் பயிற்சி 12 வாரங்கள் நடக்கிறது. இத்தனை வாரங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் மாணவி ஒருத்தியின் அனுபவத்தைச் சொல்வேன்.

அவளுக்கு முதல் வாரம் முழுவதும் பாதுகாப்புப் பயிற்சிதான். அதன் பிறகே செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் வேலையைக் கையில் கொடுத்தார்கள். 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வளர்ந்த அந்தச் செல்களில் மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியா தொற்றியிருந்தது. மற்ற பாக்டீரியாக்களைப் போல அது செல்கள் வளரும் திரவத்தைக் கலங்கச் செய்வதில்லை, சாதாரண நுண்ணோக்கியிலும் தென்படுவதில்லை என்பதால், மூன்று வாரங்களாக எடுத்த அளவீடுகள் பயனற்றவை என்பது பின்னர்தான் தெரியவந்தது. அவள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டு, புதிய செல்களுடன் மீண்டும் தொடங்கினாள். மூன்று வாரம் வீணாயிற்றே என்று அவள் தந்தை வருந்தினார். முன்கூட்டியே விடை தெரிந்த சோதனைகளைச் செய்து, கணக்கு சரியாக வராவிட்டால் பக்கத்து மாணவரின் அளவீட்டைப் பார்த்து எழுதும் நமது செய்முறை வகுப்புகளை நடத்திய எனக்கோ, அவள் பயணத்தில் அந்த மூன்று வாரமே பெரிய ஆதாயமாகத் தெரிந்தது.

வேறொரு மாணவர் முகவர் ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டி, இரண்டு வாரம் சென்று வந்தார். வெள்ளை அங்கியில் நிழற்படம், ஒரு சான்றிதழ், மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்த நினைவு ஆகியவற்றோடு திரும்பிய அவர் திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டை ஒருமுறைகூடத் தொடவில்லை. நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளிக்கலாம் என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் இதைவிட மோசமானவை. இங்கே அனுமதிக்கப்படாத ஒன்றை இன்னொரு நாட்டு ஏழை நோயாளியிடம் செய்துபார்ப்பதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாடு செல்ல வாய்க்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. இத்திட்டங்களின் விண்ணப்ப அறிவிப்புகள் சிறு ஊர்க் கல்லூரிகளின் பலகைகளில், பெரும்பாலும் கடைசித் தேதி கடந்த பிறகே ஒட்டப்படுகின்றன. பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதில் ஆசிரியர்களாகிய நாங்களும் தாமதிக்கிறோம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், உதவித்தொகை வழங்கும் திட்டங்களின் விண்ணப்ப நாட்களை ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்,
திருநெல்வேலி.