எல்லாவற்றுக்கும் பனிப்பாறை என்ற ஒரே பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்டார்டிகாவில் ராட்சதப் பனிப்பாறை உடைந்தது என்று உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. கடைசி வரியில் கடலோர நகரங்களுக்கு ஆபத்து என்று போட்டிருந்தீர்கள். காலையில் அதைச் சத்தமாகப் படித்த என் அம்மா, பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இருப்பது நாகப்பட்டினம். 2004 டிசம்பரைக் கண்ணால் பார்த்தவருக்கு, கடலும் ஆபத்தும் ஒரே வரியில் வந்தால் அப்புறம் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடுதான் இந்தக் கடிதம்.

உங்கள் செய்தியில் எது உடைந்தது, எதிலிருந்து உடைந்தது என்றே தெரியவில்லை. "பனிப்பாறையிலிருந்து பனிப்பாறை பிரிந்தது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? மூன்று வேறு வேறு பொருளுக்கு நாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம். நிலத்தில் விழுந்த பனி வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி இறுகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்ந்து வருகிறதே, அது பனியாறு. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்திலேயே இருக்கிற சொல். அது கடலை எட்டியதும் ஒரு கட்டத்தில் தரையை விட்டு எழும்பி மிதக்க ஆரம்பிக்கும், பின்னாலிருந்து வரும் பனி தள்ளத் தள்ள, கரையை விடாமல் பிடித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் கடல்மேல் பரந்து கிடக்கும். இதைப் பனித்தட்டு என்று சொல்லலாம். அந்தத் தட்டின் விளிம்பிலிருந்து விண்டு தனியாகப் போகிறதே, அதுதான் பனிப்பாறை.

விண்டு போவது ஏன்? மிதக்கும் பனி பரவப் பரவ இழுபட்டு மேலே பிளவு விடும். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் தட்டு ஏறி இறங்கும்போது, தரையைப் பிடித்திருக்கும் இடத்தில் வளைந்து வளைந்து பலம் போகும். சூடான நீரோட்டம் அடியில் புகுந்தால் தட்டு மெலியும். கோடையில் மேல்பனி உருகினால் அந்தத் தண்ணீர் பிளவுக்குள் இறங்கி ஆப்பு அடித்த மாதிரி அதை அடிவரைக்கும் பிளக்கும். ஆங்கிலத்தில் இந்தப் பிரிவுக்கு மாடு கன்று போடுவதைக் குறிக்கும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்த சொல். பசு கன்று போட்டால் யாரும் பதறுவதில்லை. பின்னாலிருந்து பனி வந்துகொண்டே இருக்கிறது என்றால் முன்னால் உடைந்துகொண்டே இருக்கத்தான் வேண்டும். 2023 ஜனவரியில் அண்டார்டிகாவின் பிரண்ட் பனித்தட்டிலிருந்து 1,550 சதுர கிலோமீட்டர் பிரிந்ததே, அந்தப் பிளவைப் பல வருஷமாகக் கண்காணித்து, அங்கிருந்த ஹாலி ஆய்வு நிலையத்தையே 2016-17இல் 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப் போய் வைத்துவிட்டார்கள் பிரிட்டிஷ்காரர்கள். பருவநிலை மாற்றத்தால் நடந்ததில்லை, இயல்பானதுதான் என்று அவர்களே சொன்னார்கள்.

சரி, கடல் உயருமா? அன்றைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் நாலு ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி, திண்ணையில் அம்மா பக்கத்தில் வைத்தேன். வெளிப்பக்கம் வியர்த்தது, கட்டிகள் சிறுத்துச் சிறுத்துக் கரைந்தன, விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டு வழியவில்லை. மிதக்கிற பனி தன் எடைக்கான தண்ணீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது, அவ்வளவுதான். (கடல்நீர் உப்பு என்பதால் மிகச் சின்ன வித்தியாசம் உண்டு, அதை விட்டுவிடலாம்.) 1986இல் ஃபில்ச்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ23ஏ என்ற பனிப்பாறை, சுமார் 4,000 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல ஒன்பது மடங்கு. அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் தரைதட்டி முப்பது வருஷத்துக்கு மேல் நின்று, 2020 வாக்கில் கிளம்பி, 2025 மார்ச்சில் தென் அட்லாண்டிக்கில் இருக்கிற தெற்கு ஜார்ஜியா தீவு பக்கம் வந்து மறுபடி தரைதட்டியது. ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டன் என்றார்கள். அது கரைவதால் நம் கரையில் கடல் ஏறிவிடாது.

அப்படியானால் கவலையே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் வேறு இடத்தில். பனித்தட்டு என்பது மேட்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்த கல். 2002இல் அண்டார்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு, 3,250 சதுர கிலோமீட்டர், சுமார் 220 மீட்டர் தடிமன், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் நொறுங்கிப்போனது. அது கன்று போட்டதில்லை, மாடே விழுந்தது. கல்லை உருவியதும் பின்னால் நின்ற பனியாறுகள் இரண்டு முதல் ஆறு மடங்கு வேகத்தில் கடலுக்குள் இறங்கின. நிலத்தில் இருந்த பனி கடலில் சேர்ந்தால்தான் மட்டம் உயரும். பயமுறுத்தும் தலைப்பு இந்தச் செய்திக்குத்தான் தகும், ஆனால் பனித்தட்டையும் பனிப்பாறையையும் பிரித்துச் சொல்லாத ஒரு பத்திரிகையால் இதை எழுதவே முடியாது என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊர்ச் செய்தியிலும் இதே குழப்பம். 2021 பிப்ரவரி 7ஆம் தேதி உத்தராகண்ட் சமோலியில் இருநூறு பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனபோது, தமிழில் எங்கும் "பனிப்பாறை உடைந்து வெள்ளம்" என்றுதான் வந்தது. பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னது, ரோன்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தன, அதில் பெரும்பகுதி கல்பாறை. பெயர் தப்பானதால் காரணமும் தப்பாகவே ஜனங்கள் மனதில் நின்றுவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள்: பனியாறு, பனித்தட்டு, பனிப்பாறை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். இதைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் அவற்றையே வையுங்கள், ஆனால் மூன்று இருக்கட்டும். இப்போதெல்லாம் இந்த மாதிரிச் செய்தி வந்தால் அம்மா கேட்பது ஒன்றுதான்: "அது மிதந்துகிட்டு இருந்ததா, தரையில இருந்ததா?" அதற்கு உங்கள் செய்தியின் முதல் பத்தியிலேயே பதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்