ஐஸ் பேக் வியர்க்கும்வரை காத்திருக்க நேரம் கொடுங்கள்

மதிப்புக்குரிய தருமபுரி மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சித்தேரி மலை ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

ஒரு மார்கழி மாதப் புதன்கிழமை. நேரமாகிவிட்டதே என்று, ஃப்ரீசரிலிருந்து எடுத்த நான்கு ஐஸ் பேக்குகளையும் அப்படியே பெட்டிக்குள் அடுக்கிவிட்டேன். மேலே போய்த் திறந்தால், ஓரத்தில் இருந்த பென்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) குப்பிகள் உறைந்து கிடந்தன. அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்களை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, தப்பித்தோம். வழியிலேயே உறைந்து, மறுபடி உருகியிருந்தால்? பென்டா, டெட்டனஸ்-டிப்தீரியாவுக்கான டிடி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாமே ஒருமுறை உறைந்தால் வீணாகிவிடும். தடுப்பூசி கெட்டதைக் காட்டக் குப்பி மேல் ஒட்டியிருக்கும் அடையாளத்தில், வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் சூடு பட்டால்தான் கருக்கும். குளிர் பட்டதை அது காட்டாது. குலுக்கிப் பார்த்து வண்டல் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று சோதிக்கலாம்; உறைந்து உருகியதென்றால் சீக்கிரம் படியும். ஆனால் சந்தேகம் வந்தால்தானே குலுக்குவோம்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐஎல்ஆருக்குக் காவல் இருக்கிறது. தடுப்பூசி இருப்பையும் குளிர்நிலையையும் கண்காணிக்க 2015-ல் நாட்டில் தொடங்கிய ஈவின் (eVIN) திட்டத்தில், வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ 8 டிகிரியைத் தாண்டினாலோ செல்போனுக்குத் தகவல் வந்துவிடும். பெட்டி வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் காவல் இல்லை.

ஐஸ் பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். சித்திரையில் சீக்கிரம் வியர்த்துவிடும். மார்கழியில் அரை மணி நேரம் கழிந்தும் கல் மாதிரி இருக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்து, குளிர் மாதங்களில் மலைக்குப் பெட்டி கிளம்பும் நேரத்தை எழுத்திலேயே மாற்றி வையுங்கள்.

அப்புறம், உறையவிடாத உள்ளடுக்கு வைத்த பெட்டிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் ஃப்ரீசர் ஐஸ் பேக்கை நேராகவே வைக்கலாம். அவற்றைச் சித்தேரி, வத்தல்மலை போன்ற ஊர்களுக்கு முதலில் கொடுங்கள். பயிற்சியையும் தருமபுரியில் வைக்காமல், மலையில் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்திலேயே வையுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அரூர்