டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: டயர்

நண்பர்களே, ஹூஸ்டன் வெயில் ஆரம்பித்தாயிற்று, மூடிய டிரெய்லரை வெளியே எடுக்கும் முன் டயர் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள டாட் (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் மேடு) தேயாமல் புதிது போல இருந்தாலும் ஆறு வருடமானதை நான் நெடுஞ்சாலையில் ஓட்ட மாட்டேன்.

வாங்கினால் எஸ்டி (ST, டிரெய்லருக்கென்றே செய்த) டயர்தான், லோட் ரேஞ்ச் (எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எழுத்து) பழையதைவிடக் குறையக் கூடாது, மலிவு என்று கார் டயரை மாட்டி வைக்காதீர்கள், சரக்கோடு ஆடும். அப்புறம் காற்று: டயர் சூடாகும் முன், அதில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவு முழுக்க அடியுங்கள் (205/75ஆர்15 அளவு டயர், லோட் ரேஞ்ச் டி என்றால் 65 பிஎஸ்ஐ), ரிம்மும் அந்த அழுத்தத்தைத் தாங்குமா பாருங்கள். காற்று குறைந்தால் சூடேறி வெடிக்கும்.

சக்கரம் மாற்றினால் 50 மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று அடியுங்கள், அதை யாருமே பார்ப்பதில்லை.