சங்க அலுவலக வைஃபை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மார்த்தாண்டம் வட்டார வியாபாரப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை அலுவலக வைஃபைதான் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மாதத்தில் 11, 20 தேதிகளில் நம் அலுவலகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜிஎஸ்டி ரிட்டன் போட எல்லோரும் வந்து உட்கார்ந்தால் பக்கம் திறக்காது. தாமதக் கட்டணம் கட்டுவதோ சிறு கடைக்காரர். இணைப்பையே மாற்றச் சொன்னார்கள் பலர். அதற்கு முன் ரூட்டரில் நேரடியாகக் கேபிளைச் செருகிப் பார்த்தோம். வேகம் முழுதாக வந்தது! கோளாறு நம் கட்டடத்துக்குள்தான் என்று தெளிவானது.

நம்முடையது தடித்த வெட்டுக்கல் சுவர். போதாததற்கு, சுற்றியுள்ள கடைகளின் ரூட்டர்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன. அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. சாதாரண ரிப்பீட்டர் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே சானலில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். அதனால் அதை ஏற்கவில்லை.

முன்னறை, கணக்கு அறை, கூட்ட அரங்கு மூன்றிலும் அறைக்கொன்றாக, வைஃபை தரும் பெட்டியான அக்சஸ் பாயின்டைக் கூரையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் சுவிட்சிலிருந்து தனி கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நமக்கு அந்தக் கவலை இல்லை. வைஃபைக்கு ஏன் இவ்வளவு கேபிள் என்று சிலர் கேட்டீர்கள். கையிலிருக்கும் போனிலிருந்து கூரை வரைதான் காற்று, மீதி வழியெல்லாம் கேபிள்தான். பெட்டி சில ஆண்டுகளில் மாறும், சுவரில் பதித்த கேபிள் அப்படியே இருக்கும். பணத்தை அதில் போட்டதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரமும் அதே கேபிளில் போவதால், சுவிட்சுக்கு ஒரு யுபிஎஸ் வைத்தாலே மூன்றும் அணையாமல் இருக்கும். 2017 ஒக்கி புயல் போல நாட்கணக்கில் மின்சாரம் போனால் தாங்காது, அன்றாட மின்வெட்டுக்குப் போதும். அப்புறம், ஐப்பசி இடியை நினைத்துப் பின்புறக் குடோனுக்குச் செம்புக் கேபிள் போடாமல் ஒளியிழை போட்டோம். கண்ணாடி இழை வழியே மின்னலின் மின்சாரம் பாயாது.

கணக்குக் கணினிகள் தனி வலையில் இருக்கின்றன. வருகிறவர்களின் போன்களுக்கு வேறு வலை, வேறு கடவுச்சொல். கணக்கு அறைக் கடவுச்சொல்லை யாருக்கும் தர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

மாடி அறைக்கு இன்னும் கேபிள் போகவில்லை. எர்த்திங்கையும் அடுத்த மழைக்கு முன் பரிசோதிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்