புயல் கூண்டும் குச்சி ஐஸ் மணியும்

மஞ்சக்குப்பம், கடலூர்
4-11-2025, செவ்வாய் இரவு

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. முட்டிவலிக்கு மூன்று பேரிடம் வைத்தியம் கேட்டு, மூன்றையும் சேர்த்தே செய்து பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். தங்கச்சி ஒன்றும் சொல்வதில்லையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். கெடிலத்தில் தண்ணீர் போகிறது, பயப்படும்படி இல்லை. போன வருஷம் நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் வந்துவிட்டதால், வீட்டில் அரிசி மூட்டையை இப்போதே பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை நேரில்தான்.

நீ கேட்டது கம்ப்யூட்டர் விஷயம், அப்டேட் செய், புதியதற்கு மாறு என்று திரையில் வந்து நிற்கிற கட்டங்களைப் பற்றி. "திறந்தால் ஒரு கட்டம், மூடினால் ஒரு கட்டம், நான் என்னடா பாவம் செய்தேன்?" என்று கேட்டிருக்கிறாய். நீ ஒன்றும் செய்யவில்லை. பாவம் செய்தவன் நான், நேற்று அனுபவித்தும் ஆயிற்று.

நேற்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள். கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுக்கிற என் கடைக்கு வாரத்தில் அன்றைக்குத்தான் உண்மையான கூட்டம். எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினேன். தாழங்குடாவிலிருந்து ஒரு பாட்டி எனக்கு முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தது. மடியில் மஞ்சள் பை, அதற்குள் ஆதார் ஜெராக்ஸ், பழைய மனு நகல், நான்காக மடித்து மடிப்பே கிழிந்துபோன ஒரு ரசீது. முதியோர் பணம் நாலு மாதமாக வரவில்லையாம். மெஷினைப் போட்டேன். நீலத் திரை வந்தது. அதில் வெள்ளைப் புள்ளிகள் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. அடியில், அப்டேட் நடக்கிறது, 27 சதவீதம், அணைத்துவிடாதே என்று கட்டளை.

27 நெடுநேரம் 27 ஆகவே இருந்தது. பிறகு 30. அதோடு நின்றுவிட்டது. பின்னால் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பாட்டி எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமி மலையேற நேரமாகுமா தம்பி?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் வெள்ளைத்தாளை எடுத்து நானே கையால் எழுதினேன். அனுப்புநர், பெறுநர் போட்டு மனு எழுதி இருபது வருஷமாவது இருக்கும். ழகரம் எனக்கே ளகரமாகத் தெரிந்தது. பாட்டி அதை வாங்கி, "அச்சுல அடிச்சாத்தான் பாப்பாங்கன்னு சொன்னாங்களே" என்று இழுத்தது. காசு வாங்கவில்லை. சாமி மலையேறியபோது மணி ஒன்பது ஐம்பது. பாட்டி போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

குற்றம் என்னுடையதுதான். மூன்று வாரமாக 'ரீஸ்டார்ட் செய்' என்று அந்தக் கட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் 'பிறகு', 'பிறகு' என்று தட்டிக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மெயின் சுவிட்சையே பட்டென்று அணைத்துவிட்டுக் கிளம்பினேன். பாதியில் விட்ட வேலையை அது திங்கள் காலை எடுத்து வைத்துக்கொண்டது.

ஆனால் ஏன் மூன்று வாரம் தள்ளினேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெட்டிக்கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று தொங்குமே, அந்த நாளை என்றைக்கும் வராது என்று கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு அந்த நாசூக்கு கிடையாது. நாளை என்றால் நாளைக்கே வந்து நிற்கும். 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பட்டன் வைத்தவன் 'வேண்டாம்' என்று மூன்றாவது வைக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அந்த ஒரே மூலையில் எல்லாமே வருவதுதான். பாதுகாப்புக்கான அப்டேட்டும் அங்கேதான், புது பிரவுசர் போட்டுப் பார் என்பதும் அங்கேதான், இன்றைக்கு வெயில் 31 டிகிரி என்பதும் அங்கேதான். நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். 1-இலிருந்து 11 வரை எண் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள், தெரியுமா உனக்கு? அந்தக் கூண்டை ஏற்றுகிற ஆளே நடுவில் குச்சி ஐஸ் விற்கவும் அதே கம்பத்தில் ஒன்றை ஏற்றினால், தேவனாம்பட்டினத்தில் எவன் வலையைச் சுருட்டிக் கரை திரும்புவான்? கூண்டாவது புயல் போனதும் இறங்கிவிடும்.

இது புது வழக்கமில்லை. 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய 7-உம் 8.1-உம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் இலவசம் என்று கட்டம் வந்துகொண்டே இருந்தது. 2016 மே மாதம் மைக்ரோசாஃப்ட்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திக் கட்டத்தை மூடினால், குறித்த தேதியில் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று அது எடுத்துக்கொண்டது. வாசல் கதவைச் சாத்துவதை 'உள்ளே வாங்க' என்று புரிந்துகொள்கிற விருந்தாளி! ஊரெல்லாம் சத்தம் போட்ட பிறகு ஜூனில் அதை மாற்றினார்கள். ஆனால் ஒரு தரம் அப்படி ஏமாந்தவன், அடுத்து வருகிற நல்ல சேதியையும் சந்தேகத்தோடுதானே பார்ப்பான்?

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீ அதைத்தான் என் வாயிலிருந்து எதிர்பார்த்தாய் என்று தெரியும். 2017 மே 12-இல் வான்னாக்ரை என்கிற நச்சு நிரல் வந்தது. ஃபைல்களையெல்லாம் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அதே வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தும் 'பிறகு', 'பிறகு' என்று தள்ளிய மெஷின்கள் எத்தனை! இன்னொன்றும் உண்டு. எந்தப் பூட்டை மாற்றினார்கள் என்று அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தே திருடன் பழைய பூட்டின் கோளாறைத் தெரிந்துகொள்வான். ஆகவே, வெளியான பிறகு போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

இப்போது உன் லேப்டாப். 2016-இல் வாங்கியது, உள்ளே ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் புதியதற்கு மாறு என்று கட்டம் எத்தனை தரம் வந்தாலும் உன்னுடையது மாறாது. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு போன அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது, இல்லாவிட்டால் 30 டாலர். காசு வேண்டாம் என்பவன் என்ன கேட்கிறான் என்று நீ கணக்குப் போட்டுக்கொள். நான் ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன், என் செட்டிங்ஸில் என்ன பெரிய ராஜரகசியம்.

போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் காலையிலேயே அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது என்றாயே, அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று குறித்துவிடு, பெரிய அப்டேட்டுகளைத் தானாக இறக்காது. 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, 18 மணி நேரம் வரை போடலாம். அந்த நேரத்தில் தன்னிஷ்டத்துக்கு ரீஸ்டார்ட் ஆகாது. இதெல்லாம் கடை வைத்திருக்கிற எனக்கே நேற்றைக்குப் பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்தது. வெட்கம்தான்.

பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்கிறான். அதிலும் அப்டேட் வரும், ஆனால் எப்போது என்பது பெரும்பாலும் நம் கையில். எனக்கு ஒத்துவராது. இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் விண்டோஸில் ஓடுகிற பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கிற மென்பொருளில் கிடக்கின்றன. உனக்கு மெயில், யூடியூப், மகனோடு வீடியோ கால், அவ்வளவுதானே. உனக்குச் சரிப்படும் என்றே நினைக்கிறேன்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்தான் விண்டோஸ் அப்டேட் மூட்டை வருகிற நாள், நம் கணக்குக்கு இரவு. இந்த மாதம் 11-ஆம் தேதி. அதற்கு முன்னால் பதிவை முடித்துவிட வேண்டும். 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி வருகிறேன். முதலில் சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று, பிறகு உன் வீடு. லேப்டாப்பை ராத்திரியே சார்ஜில் போடு. பாஸ்வேர்டு எழுதிய டைரியைத் தேடி வை, போன தடவை மாதிரி தங்கச்சியின் பால் கணக்கு நோட்டில் தேடவைக்காதே. மீன் குழம்பு என்றால் காரம் குறைவாக.

உன் பழைய பெஞ்சுக்காரன்