காட்டுத்தீத் திட்டம் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. காட்டுத்தீத் திட்டக் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நானும் இப்போது தீயணைப்புக் குழுவினருக்கு வரைபடப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். செயற்கைக்கோள், கேமரா, ட்ரோன், வானிலை நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஒன்றின் தகவல் இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் இல்லை. செயற்கைக்கோளில் பொருத்தியிருக்கும் வியர்ஸ் (VIIRS) என்ற வெப்பம் உணரும் கருவி நெருப்பை 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதைச் சுமக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் பெரும்பாலும் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறைதான் ஓர் இடத்தைக் கடக்கும். ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோள் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். ஆனால் அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளியே சுமார் 2 கிலோமீட்டர். காற்று வேகமாக அடிக்கும் நாளில் எதையும் தனியாக நம்ப முடியாது. ஹிமாவாரி சந்தேகம் எழுப்பினால் மலையுச்சிக் கேமரா உடனே அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். புகை உறுதியானதும் காற்று, சரிவு, சருகின் ஈரப்பதம் மூன்றையும் வைத்துத் தீ போகும் திசையைக் கணிக்க வேண்டும். இதற்கு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரக்கணக்கும் ஒரே வரைபட முறையும் தேவை. இதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிடு. பிறகு சேர்ப்பது படாத பாடு.

ட்ரோனுக்கு வான்வெளி ஒழுங்கும் வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் தனியார் ட்ரோன் ஒன்று மோதி, தண்ணீர் கொட்டும் விமானம் பறக்க முடியாமல் போனது.

என்னை உறுத்துவது வேறு. 2023-இல் ஹவாயின் லஹைனா ஊர் எரிந்தபோது அபாயச் சங்குகள் இருந்தும் ஒலிக்கவில்லை. 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் பலருக்கு வெளியேறும் எச்சரிக்கை வந்து சேரவே இல்லை. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை, முருகேசா. ஊரைக் காலிசெய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, தீ எந்த எல்லையைத் தொட்டதும் அவர் சொல்ல வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார்? உன் வரைவில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. செல்போன் டவரும் மின்கம்பமும் எரிந்துபோகும் என்று வைத்தே திட்டமிடு. வயர்லெஸ், பேட்டரியில் ஒலிக்கும் சங்கு, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம் ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கு. மிஞ்சியதில் கேமரா வாங்கலாம்.

தீக்காலத்துக்கு முன்னால், டவரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஒரு ஒத்திகை நடத்த அனுமதி வாங்கப் பார். கிடைத்தால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்